மரச்சீனிக் கம்பு

அருமனை செக்‌ஷனில் மீட்டர் எடுப்பது என் வேலை.
ஒரு கையில் மெஷின், ஆபீஸ் கொடுத்தது.
மறு கையில் மரச்சீனிக் கம்பு, நானே ஒடித்தது.
ஐப்பசி மழை விட்டதும்
ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும்
கம்புக்குத் தெரிந்த பிறகுதான்
எனக்கு வலை தெரியும்.
முதல் வருஷம் கம்பு இல்லை.
கண்ணிமையில் ஒட்டிய நூலோடு
நாற்பது வீடு நடந்தேன்.

சுசீலா பாய் வீட்டில்
மீட்டர் பெட்டிக்கும் செம்பருத்திக்கும் நடுவே
தலைகீழாக நின்றாள் ஒருத்தி.
மஞ்சள் வரி வயிறு, வெள்ளி முதுகு,
எட்டுக் காலையும் இரண்டிரண்டாகச் சேர்த்து
நாலாக்கி வைத்திருந்தாள்.
அந்த நாலின் கீழும் வெள்ளை நூலில் பெருக்கல் குறி,
என் கணக்கு தப்பென்று
யாரோ போட்டு வைத்ததுபோல.
“எட்டுக்காலி விஷமா மக்களே? பிள்ளை ஓடுற இடம்லா.”
இல்லை அக்கா.
பிடித்து அமுக்கினால் கடிப்பாள், எறும்பு மாதிரி.
அமுக்காதீங்க.
தொட்டால் வலையையே உலுக்கி
மங்கலாகிக் காட்டுவாள்.
அதுதான் அவளுக்குத் தெரிந்த சண்டை.
பெட்டியை விரற்கடை அளவு திறந்து
கழுத்தைச் சாய்த்து வாசித்தேன்.
நூற்று நாற்பத்தாறு யூனிட்.

ஸ்ரீகண்டன் நாயர் விளையில்
ரப்பர் மரத்திலிருந்து டிஷ் கம்பி வரை
வெயில் பட்டால் தங்கம், படாவிட்டால் ஒன்றுமில்லை.
நடுவில் என் உள்ளங்கை அகலத்தில் அவள்.
ஓரத்தில் அரிசிக் குருணை மாதிரி
சிவப்பாய் ஒன்று ஒண்டியிருந்தது.
“குட்டியாக்கும்” என்றார்.
புருஷன் என்றேன்.
பந்தம் கொளுத்த இருந்தவர்
கொஞ்சம் யோசித்தார்.
இவள் தினமும் அழித்துக் கட்டும் சாதியில்லை,
கிழிந்த இடத்தைத் தைத்துத் தைத்துக் குடியிருப்பவள்.
மேல்நூலைக் கம்பில் சுற்றி
ஆளோடு தூக்கி
நல்லமிளகுக் கொடிக்குள் வைத்தேன்.
நாளைக்குத் திரும்பி வந்தால்?
நாளன்றைக்கு நீங்கள் தூக்குங்கள்.

ராபின்சன் வீட்டு போர்ட்டிகோவில்
மூன்று ஸ்பிரே டப்பா, மூன்றும் காலி.
அடித்தேன், செத்தது, வேறொன்று வந்தது என்றார்.
நானூற்றுப் பன்னிரண்டு யூனிட்டைக் காட்டினேன்.
விடியவிடிய டியூப் லைட்,
லைட்டுக்கு ஈசல், ஈசலுக்கு அவள்.
அணைத்துவிடுங்கள்.
“மகன் பெட்ரோல் பங்கில் நைட் டூட்டி.
இருட்டில் எப்படி வருவான்?”
அப்படியானால் மஞ்சள் பல்பு.
பூச்சி குறையும், மகன் குறையமாட்டான்.
அவர் சிரிக்கவில்லை.

அறுபத்தொன்றாம் நம்பர் வீட்டில் கேட் கொண்டிக்குக் கீழே
பழுப்பு நிறத்தில் ஒரு முட்டைப் பை.
இடுக்கில் வலை, அறுபடாமல்.
இரண்டு மாதமாக அந்த வழியாக யாரும் போகவில்லை.
பூட்டு இல்லை. தள்ளினால் திறக்கும்.
மெஷினில் ‘வீடு பூட்டு’ என்று தட்டிவிட்டு
நகர்ந்தேன்.
வேலையில் நான் எழுதிய பொய்
இதுவரை அது ஒன்றுதான்.

என் வீட்டு ரீடிங்கை நான் எடுக்கக் கூடாது.
களியலிலிருந்து ஜஸ்டின் ராஜ் வருவார்.
“நூறு தாண்டிட்டே. தனி ஆளுதானே நீங்க?
ராத்திரி முழுக்க வெளி லைட்டோ?”
ஆமாம்.
“யாருக்கு?”
அந்தியில் கட்டி,
நான் குடத்தோடு பைப்புக்குப் போகும் முன்னே
வலையை ஒரு நூல் விடாமல் தின்று தீர்த்து
வழிவிடுகிற ஒருத்தி இருக்கிறாள்.
கம்பை உயர்த்தி ஓட்டு விளிம்பைக் காட்டினேன்.
பகலில் அவள் கால்மடக்கிய மண்நிறக் கட்டி.
அவர் அண்ணாந்து பார்த்தார்.
காய்ந்த மொட்டு என்று நினைத்திருப்பார்.
மெஷினைத் தட்டினார்.
சீட்டு வந்தது.